ராட்சத சிலந்தியைத் தேடி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அந்தக் காலத்தில் எல்லாமே பெரிது என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. அதில் பாதி உண்மைதான். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரி ஆகப்போகிற காடுகள் சதுப்பில் வளர்ந்துகொண்டிருந்த கார்பனிபெரஸ் காலத்தில், காற்றில் ஆக்சிஜன் 30 சதவீதம் அளவுக்கு இருந்தது என்று கணிக்கிறார்கள். இன்றைக்கு 21 சதவீதம். அந்தக் காட்டில் இறக்கை விரித்தால் இரண்டடிக்கு மேல் வரும் தட்டான் போன்ற பூச்சி பறந்தது. இரண்டு மீட்டருக்கும் நீளமான, மரவட்டையின் உறவான ஒரு பிராணி ஊர்ந்தது. அப்படியானால் சிலந்தி மட்டும் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 1980-இல் பதில் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் மாகாணத்தில் பாஹோ தே வெலிஸ் என்ற இடத்துப் பாறையில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை மாரியோ ஹுனிக்கன் என்ற தொல்லுயிரியலாளர் ஆராய்ந்தார். வட்டமான வயிறு, அதற்கு முன்னால் அகன்ற ஓடு, ஓட்டின் நடுவே மேடிட்ட இடத்தில் இரண்டு கண்கள். இது சிலந்திதான் என்று முடிவுகட்டி, மெகாரக்னே செர்வினேய் என்று பெயர் வைத்தார். உடல் நீளம் சுமார் 34 சென்டிமீட்டர், கால்களை விரித்தால் அரை மீட்டர் என்பது அவருடைய கணக்கு. உலகம் அதுவரை கண்ட சிலந்திகளிலேயே மிகப் பெரியது!

அருங்காட்சியகங்களில் அதன் மாதிரிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. நிபுணர்கள் சிலருக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க மூலக்கல்லைப் பார்க்க வேண்டுமே! அதுவோ ஒரு வங்கியின் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தது. வெளியே இருந்தவர்கள் பிளாஸ்டர் அச்சுகளை வைத்தே காலம் தள்ளினார்கள். ஒரு புதைபடிவத்தை நகையைப் போல் பாதுகாப்பது நல்லெண்ணம்தான். ஆனால் யாரும் பார்க்க முடியாத சான்றால் அறிவியலுக்கு என்ன பயன் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு அதே உயிரினத்தின் இரண்டாவது புதைபடிவம் கிடைத்தது. முதலாவதைவிடத் தெளிவானது. சிலந்திப் புதைபடிவங்களில் பெரிய பெயர் பெற்ற பால் செல்டன் அதை ஆராய்ந்தார். தோலின் மேற்பரப்பு வேலைப்பாடும் கால் கணுக்களின் வடிவமும் சிலந்திக்கு உரியவை அல்ல. கடல் தேள் என்று நாம் சொல்லும் பழங்கால நீர்வாழ் இனத்துக்கு உரியவை. பெயர்தான் கடல் தேள். இது வாழ்ந்தது நன்னீரில். 2005-இல் கட்டுரை வெளியானது. இருபத்தைந்து ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய சிலந்தியாக இருந்த பிராணி சிலந்தியே இல்லை என்று ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் திருத்தக் கட்டுரையை எழுதிய மூவரில் ஹுனிக்கனும் ஒருவர். தன் வாழ்நாளின் மிகப் பிரபலமான கண்டுபிடிப்பை மறுக்கும் கட்டுரையில் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது எளிய காரியமில்லை.

பாவம், அதே சமயத்தில் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சித் தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் மெகாரக்னேதான் பயமுறுத்தும் பாத்திரம். கணினி வரைகலை வேலை வெகுதூரம் போய்விட்டது. வேறு வழியில்லாமல், பெயரை மட்டும் மாற்றி, ஏதோ ஒரு பழைய வகைச் சிலந்தி என்று சொல்லி ஒளிபரப்பினார்கள்.

அந்தக் காலத்தின் உண்மையான சிலந்தி எப்படி இருந்தது? ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் அருகே ஒரு கல்குவாரியில் கிடைத்து 2023-இல் பெயரிடப்பட்ட சிலந்திக்கு வயது சுமார் 31 கோடி ஆண்டு. உடல் ஒரு சென்டிமீட்டர், கால் விரிவு நான்கு. நம் வீட்டுச் சுவரில் ஓடும் எட்டுக்கால் பூச்சியே அதைவிடப் பெரிது.

சரி, அப்படியென்றால் இதுவரை கிடைத்ததில் பெரியது எது? சீனாவின் உள்மங்கோலியாவில் தாவ்ஹுகோ என்ற இடத்தில் கிடைத்த ஒரு பெண் சிலந்தி. சுமார் 16.5 கோடி ஆண்டுப் பழமை. எரிமலைச் சாம்பல் ஏரியில் படிந்த இடம் அது. மாவுபோன்ற அந்தச் சாம்பல் மூடியதால் காலில் உள்ள ரோமம்கூடப் பதிந்திருக்கிறது. உடல் இரண்டரை சென்டிமீட்டர், கால் விரிவு சுமார் 15. 2011-இல் செல்டனும் சீன ஆய்வாளர்களும் இதை நெஃபிலா இனத்தில் சேர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பொன்னிற வலை பின்னுகிறதே, அந்த இனம்தான். நெஃபிலாவில் ஆண் பொடியாக இருக்கும். 2013-இல் இதன் ஆண் கிடைத்தபோது அது அப்படி இல்லை; வேறு வித்தியாசங்களும் தெரிந்தன. மங்கோலராக்னே ஜுராசிகா என்று தனிப் பெயரும் தனிக் குடும்பமும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2019-இல் சீனாவின் லியாவோநிங் மாகாணத்தில் இன்னொரு பெரிய மங்கோலராக்னே கிடைத்ததாக ஒரு கட்டுரை வந்தது. அந்தப் பகுதியில் விவசாயிகள் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்து விற்பது வழக்கம். படத்தைப் பார்த்த செல்டனுக்கு நெருடியது. கால்களில் கணுக்களின் எண்ணிக்கை சரியில்லை. கண்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. கல்லை வாங்கி, கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அலிசன் ஓல்காட் ஒளிர்வு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குறிப்பிட்ட ஒளி பட்டால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நிறத்தில் ஒளிரும். விரிசலை ஒட்டவைத்த இடம் வெள்ளையாக, பாறை நீலமாக, உண்மையான உயிரினத்தின் ஓடு மங்கிய சிவப்பாகத் தெரிந்தன. மஞ்சளாக ஒளிர்ந்த இடங்கள் எண்ணெய் வண்ணம்! நன்னீரில் வாழும், சிங்கி இறாலின் உறவான கிரேஃபிஷ் ஒன்றின் சிதைந்த புதைபடிவத்துக்கு யாரோ தூரிகையால் சிலந்திக் கால்களை வரைந்து விற்றிருக்கிறார்கள். கைவேலை நன்றாகத்தான் இருந்திருக்கிறது, அறிஞர்களையே ஏமாற்றியதே! இங்கும் மறுப்புக் கட்டுரையில், முதல் கட்டுரையை எழுதியவரின் பெயர் இருக்கிறது.

பெரிய புதைபடிவச் சிலந்திகளில் இரண்டாம் இடத்தில் இருப்பது ஓர் ஆஸ்திரேலியச் சிலந்தி. நியூ சவுத் வேல்ஸில் மெக்ராத்ஸ் ஃபிளாட் என்ற இடத்தின் இரும்புச்சத்து மிகுந்த பாறையில் 2020-இல் கிடைத்தது. வயது 1.1 கோடி முதல் 1.6 கோடி ஆண்டு, உடல் 23 மில்லிமீட்டர். அதன் நெருங்கிய உறவுகள் இன்று ஆஸ்திரேலியாவில் இல்லை. சிங்கப்பூர் முதல் பப்புவா நியூ கினி வரையுள்ள ஈரக் காடுகளில் இருக்கின்றன. கண்டம் வறண்டபோது அங்கே அந்த வகை அழிந்திருக்கலாம்.

ஆக, புதைபடிவங்களில் பெரியதே 15 சென்டிமீட்டர்தானா என்று நீங்கள் கேட்கலாம். சிலந்திக்கு எலும்பு இல்லை. மென்மையான உடல் சீக்கிரம் மக்கிவிடும். பழைய சிலந்திகள் பெரும்பாலும் அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினில்தான் கிடைக்கின்றன. பிசினில் குட்டிச் சிலந்தி மாட்டிக்கொள்ளும். பெரிய சிலந்தி காலை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கிடைக்கவில்லை என்பதற்காக இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கையில் இருக்கும் சான்றுகளின்படி, உண்மையான ராட்சதச் சிலந்திகள் நம் காலத்தில்தான் இருக்கின்றன. தென்னமெரிக்காவின் கோலியாத் சிலந்திக்குக் கால் விரிவு 30 சென்டிமீட்டர் வரை வரும். இலங்கையின் வடக்கே மாங்குளம் பகுதியில் காணப்பட்டு 2012-இல் பெயரிடப்பட்ட புலிச்சிலந்தி வகை ஒன்றுக்கு 20 சென்டிமீட்டர். ஜுராசிக் ஏரியில் விழுந்த சிலந்தியைவிட அது பெரியது. முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் வாழ்கிறது.

நன்றி, வணக்கம்.