தலைக்கட்டு வரி கட்டியவர் கேள்வி கேட்பார்

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் பெரியவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சமுதாய வானொலி நிலைத்து நிற்க வேண்டியது நேயர் காசிலா, அரசும் விளம்பரமும் தரும் காசிலா?" இதுதான் தலைப்பு. சமுதாய வானொலி என்றால், ஓர் ஊர்ச் சுற்றுவட்டத்து மக்களுக்காகத் தொண்டு நிறுவனமோ கல்லூரியோ லாப நோக்கமில்லாமல் நடத்தும் சிறிய வானொலி. நான் நேயர் காசு அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், மைக் முன்னால் உட்கார்ந்து நேயரிடம் பணம் கேட்பது கையேந்துவது போல என்றார். ஏழை ஊர்களில் இதெல்லாம் எடுபடாது என்றார். அப்புறம், இந்த முறை பிறந்த அமெரிக்காவிலேயே நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ நிலையத்தை 2019இல் நஷ்டத்தில் மூடினார்களே, அதற்கு என்ன பதில் என்று என்னைப் பார்த்தே கேட்டார். சொல்கிறேன் அண்ணே.

கையேந்துவது என்ற வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் அதையே முதலில் எடுக்கிறேன். எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். மாடி வீடோ கூரை வீடோ, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வரி வாங்க வாசலுக்கு வருகிறவர்களை யாரும் பிச்சைக்காரர்களாகப் பார்த்ததில்லை. கட்டியவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, போன வருடம் பந்தலுக்கு ஏன் இவ்வளவு ஆனது, இந்த வருடம் எந்தக் கூத்து செட்டைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்பார், கேட்டால் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வருடம் வசதியான ஒருவர், மொத்தச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஊருக்கும் நிம்மதி. அந்த வருடம் கூத்து இல்லை, அவருக்குப் பிடித்த பாட்டுக் கச்சேரி நடந்தது, பாட்டுக்குப் பாட்டு அவர் பெயரைச் சொன்னார்கள். கணக்குக் கேட்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படிக் கேட்பது, கொடுத்தது அவர்தானே? நடுவர் அவர்களே, வானொலி விஷயத்தில் எனக்கும் எதிரணிக்கும் உள்ள வழக்கு இந்த இரண்டு திருவிழாக்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

நேயர் காசிலேயே ஒரு நிலையத்தை நடத்தலாம் என்று துணிந்தவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்த மனிதர். 1946இல் நண்பர்களோடு பசிஃபிகா அறக்கட்டளையைத் தொடங்கி, 1949 ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ நிலையத்தை ஒலிக்க வைத்தார். எஃப்.எம் பிடிக்கும் பெட்டியே பெரும்பாலான வீடுகளில் இல்லாத காலம் அது. விளம்பரம் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். ஹில் போட்ட கணக்கு இதுதான்: அலை எட்டும் பகுதியில் கேட்கக்கூடியவர்களில் 100க்கு 2 பேர் வருடச் சந்தா கட்டினால் போதும். மீதி 98 பேர் இலவசமாகக் கேட்டுவிட்டுப் போகட்டும். பத்திரிகைச் சந்தா கட்டாவிட்டால் பத்திரிகை வீட்டுக்கு வராது; வானொலி அப்படியில்லை, காசு கொடுக்காதவர் வீட்டிலும் அது பாடும். அப்படி இருந்தும் ஒருவர் கொடுக்கிறார் என்றால், தனக்காக மட்டும் அவர் கொடுக்கவில்லை, அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இதையா கையேந்துவது என்கிறீர்கள்?

சோதனை சீக்கிரமே வந்தது. 1950 ஆகஸ்டில் பணம் தீர்ந்து நிலையம் நின்றுவிட்டது. கேட்டுப் பழகியவர்கள் விடவில்லை. கூட்டம் போட்டார்கள், பணம் திரட்டினார்கள், 1951 மே மாதம் அது மறுபடி ஒலித்தது. அதே வருடம் ஃபோர்டு அறக்கட்டளையைச் சார்ந்த நிதியமைப்பு ஒன்று 1,50,000 டாலர் கொடுத்தது. எதிரணி எடுத்துப் போடுவதற்கு முன் அதை நானே சொல்லிவிடுகிறேன், பெரிய தொகைதான், உதவியதுதான். ஆனால் நின்றுபோன நிலையத்துக்காகத் தெருவில் இறங்கி முதல் காசு போட்டது யார்?

1999இல் அதே கே.பி.எஃப்.ஏவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதற்குள் பசிஃபிகா ஐந்து நிலையங்களை வைத்திருக்கும் அமைப்பாக வளர்ந்திருந்தது. அதன் தலைமைக்கும் பெர்க்லி நிலையத்துக்கும் சண்டை முற்றியது. மேலாளரை நீக்கினார்கள், நிலையத்தையே விற்றுவிடலாமா என்று தலைமைக்குள் பேச்சு நடந்தது வெளியே கசிந்தது, ஜூலையில் ஊழியர்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்கள். நேயர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாசலிலேயே உட்கார்ந்தார்கள், கைதானார்கள், மாதக் கடைசியில் சுமார் 10,000 பேர் பெர்க்லித் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். ஒரு வானொலி நிலையத்துக்காக 10,000 பேர்! கதவு திறந்தது, ஊழியர்கள் உள்ளே போனார்கள். அதோடும் விடாமல் வழக்குப் போட்டு, நிலையக் குழுக்களை நேயர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விதியைக் கொண்டுவந்தார்கள். விளம்பரத்தில் ஓடும் ஒரு தனியார் எஃப்.எம்மை நாளைக்கு விற்றால் அதன் வாசலில் எத்தனை பேர் உட்காருவார்கள், எதிரணி நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

சரி, டபிள்யூ.பி.ஏ.ஐக்கு வருகிறேன். அதுவும் பசிஃபிகா நிலையம்தான். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் ஆன்டெனா வைத்திருந்ததற்கான வாடகைப் பாக்கி பெரிய வழக்காகிக் கழுத்தை நெரித்தது உண்மை. நேயர்கள் தேர்ந்தெடுத்த குழுக்களுக்குள் கோஷ்டிச் சண்டை நடந்ததும் உண்மை. 2019 அக்டோபரில் தலைமை அலுவலகம் உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு வெளியூர் நிகழ்ச்சிகளைப் போட்டது. அண்ணன் அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டார், அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. நிலையத்தார் நீதிமன்றம் போனார்கள், ஒரு மாதத்துக்குள் உள்ளூர்க் குரல்கள் திரும்பி வந்தன. நேயர் காசில் நடக்கும் நிலையத்தில் சண்டையே வராது என்று நான் சொல்லவில்லை. ஊர்க்கூட்டத்திலும்தான் சண்டை வருகிறது, அதற்காகத் திருவிழாவை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட முடியுமா?

அரசுப் பணம் உறுதியானது என்றும் அண்ணன் சொன்னார். அமெரிக்காவில் பொது ஒலிபரப்புக்கு அரசுப் பணம் கொடுக்க 1967 சட்டத்தின்படி ஒரு கழகம் உருவானது. ஐம்பது வருடத்துக்கு மேல் நூற்றுக்கணக்கான நிலையங்கள் அந்தப் பணத்தை நம்பின. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு. ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலர் ரத்து. ஆகஸ்ட் முதல் தேதி அந்தக் கழகம் தன்னையே மூடப்போவதாக அறிவித்தது. கிராமத்து நிலையங்கள், பழங்குடி மக்களின் நிலையங்கள்தான் அதிகம் அடிபட்டன, அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த நிலையங்களின் நேயர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஐம்பது வருட உறுதி ஒரு மாதத்தில் கரைந்துபோனது.

இதற்குப் பக்கத்தில் நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூவை வையுங்கள். 1958இல் உப்சாலா என்ற கல்லூரியின் நிலையமாகத் தொடங்கியது. கல்லூரி நொடித்துப்போய் 1995இல் மூடிவிட்டது. தாய் போன பிறகு பிள்ளை எங்கே இருக்கும் என்றுதானே நினைப்போம்? நிலையத்தை நேசித்தவர்கள் அதற்கு முந்தைய வருடமே லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பை உருவாக்கி உரிமத்தை வாங்கிவிட்டார்கள். விளம்பரம் இல்லாமல் அது இன்றும் ஒலிக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மாராத்தான் என்று இரண்டு வாரம் காசு கேட்கிறார்கள், நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நம் ஊரில் கல்லூரி வளாகங்களில் எத்தனை சமுதாய வானொலிகள் இருக்கின்றன! நிர்வாகம் ஒரு நாள் இது வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவற்றின் கதி என்ன?

அடுத்து, ஏழை ஊர் வாதம். பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்களைவிட ஏழையாக ஒரு நேயர் கூட்டத்தைக் காட்டுவது கஷ்டம். 1940களின் கடைசியிலிருந்து அவர்கள் சொந்தமாக வானொலி நடத்தினார்கள். எந்தப் பணத்தில்? கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுத்து. தூசியைச் சுவாசித்துச் சம்பாதித்த கூலி ஐயா அது. எழுபதுகளில் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது, எங்கே கால்பந்து ஆட்டம், சங்கக் கூட்டம் எப்போது என்று எல்லாமே அதில்தான். 1980 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இந்த நிலையங்கள் ஒன்றோடொன்று தொடர்பு வைத்துக்கொண்டு, ராணுவம் வந்து அடக்கும் வரை நாட்டுக்கு நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தன. விளம்பரதாரரோ அரசோ ஊட்டி வளர்த்த நிலையம் அந்த வாரத்தில் என்ன பாட்டுப் போட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1985இல் வெள்ளீயத்தின் விலை சரிந்து, சுரங்கங்கள் மூடி, தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போனபோது வானொலிகளும் மங்கின. நேயரே இல்லாத ஊரில் நேயர் காசு ஏது? அந்த எல்லை எனக்குத் தெரியும்.

இப்போது நம் நாடு. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அதற்குப் பிறகும் ஒரு கிராமத்துக்கு வானொலி கிடைக்க எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். கல்வி நிறுவனங்களுக்கு 2002இல் அனுமதி வந்து, 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல்தான் கதவு திறந்தது. இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண் விவசாயிகள் தங்கள் சங்கம் வானொலியை 2008இல் தொடங்கினார்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காக ஒலிக்கிறது. இவ்வளவு போராடி வாங்கிய அலை நடுவர் அவர்களே, அதில் யாருடைய குரல் ஒலிக்க வேண்டும்?

விளம்பர நேரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று எதிரணி பெருமையாகச் சொன்னது. ஆமாம், 2024இல் மணிக்கு 7 நிமிடமாக இருந்ததை 12 நிமிடமாக்கி, 10 வினாடிக்கு 52 ரூபாயாக இருந்த அரசு விளம்பரக் கட்டணத்தை 74 ரூபாயாக்கினார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டால் மணிக்கு 5,328 ரூபாய். அந்த 12 நிமிடத்தை நிரப்ப யார் வருவார்கள்? சைக்கிள் கடைக்காரர் வரமாட்டார். பெரும்பாலும் அரசுத் துறைதான் வர வேண்டும்.

வந்தால் என்ன ஆகும் என்று நானே பார்த்திருக்கிறேன். ஒரு சமுதாய வானொலியில், பெயர் வேண்டாம், மூன்று வருடம் மாலை நிகழ்ச்சி நடத்தினேன். ஒரு தெருவில் இருபது நாளாகக் குடிநீர் வரவில்லை என்று பெண்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பச் சமுதாய வானொலிக்கு அனுமதி இல்லை என்பது தெரியும், இது செய்தி அறிக்கை இல்லை, தெருப் பெண்கள் தங்கள் பாட்டைத் தாங்களே சொல்வது. ஒலிபரப்பும் அன்று மதியம், இதை இப்போது போட வேண்டாம், விளம்பரப் பாக்கி வர வேண்டியிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் தடை போடவில்லை. நாங்களே பயந்தோம். அந்தப் பதிவு கடைசி வரை ஒலிக்கவே இல்லை, அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்தது.

அதே நிலையத்துக்கு ஒரு நாள் ஒரு பாட்டி வந்தார். தினமும் கேட்பவர். மடியிலிருந்து 20 ரூபாயை எடுத்து, கரண்டு பில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்கலாமா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. விளம்பரத்துக்குப் பில் போட ஒரு கோப்பு, திட்ட நிதிக்கு அறிக்கை அனுப்ப ஒரு கோப்பு என்று அலமாரி நிறைய இருந்தது. நேயர் கொடுக்கும் காசுக்கு ரசீதுப் புத்தகம் இல்லை. பாட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லி முடிக்கிறேன். அலை எட்டும் சுற்றுவட்டத்தில் 50,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஹில் சொன்ன 100க்கு 2 பேர் என்றால் 1,000 பேர். ஆளுக்கு மாதம் 10 ரூபாய், ஒரு டீ விலை. மாதம் 10,000 ரூபாய். இதில் எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. மின் கட்டணம் கட்டலாம், பழுதான மைக்கை மாற்றலாம், தண்ணீர் வராத தெருவுக்கு ஒரு பிள்ளையைப் பதிவுக் கருவியோடு அனுப்பப் பஸ் காசு கொடுக்கலாம். அரசு கொடுப்பதையும் வாங்கிக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அது நின்ற மாதத்திலும் நிலையம் ஒலிக்க வேண்டுமானால், எதிரணி நண்பர்களே, முதலில் அந்த ரசீதுப் புத்தகத்தை அச்சடிக்கச் சொல்லுங்கள். முதல் ரசீதை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்கு நான் போகிறேன்.

நன்றி, வணக்கம்.