படம் பார்ப்பதைவிடப் பெரிய சுகம் அதுக்காகக் காத்திருப்பதே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், மார்கழிப் பனியில மஃப்ளரைக் காது வரைக்கும் இழுத்துக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

“சினிமாவில் பெரிய சுகம் படம் பார்ப்பதிலா, படத்துக்காகக் காத்திருப்பதிலா?” இதுதான் தலைப்பு. பார்ப்பதிலேன்னு எதிரணித் தலைவர் பேசி முடிச்சு, தண்ணி குடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். காத்திருப்பதிலேன்னு பேச நான் வந்திருக்கேன்.

அவர் ஒரு உதாரணம் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். காத்திருப்புங்கிறது ஹோட்டல்ல மெனு கார்டு படிக்கிறதாம். படம் பார்க்கிறதுதான் சாப்பாடாம். மெனு கார்டு படிச்சா வயிறு நிறையுமான்னு கேட்டார். நிறையாது ஐயா. ஆனா மெனு கார்டு படிச்சு யாருக்கும் வயித்தைக் கலக்கினதா சரித்திரம் கிடையாது. சமீபத்துல நான் பார்த்த பல படங்களுக்கு அந்த உத்தரவாதத்தை என்னால தர முடியாது.

கணக்குக்கு வருவோம். ‘வலிமை’ன்னு ஒரு படம். 2019 அக்டோபர்ல பூஜை போட்டாங்க. படம் வந்தது 2022 பிப்ரவரி 24. நடுவுல கொரோனா வந்துச்சு, ஊரடங்கு வந்துச்சு, படம் மட்டும் வரல. ஆனா நம்ம பசங்க சும்மா இருந்தாங்களா? 2021 பிப்ரவரி, சேப்பாக்கத்துல இந்தியா இங்கிலாந்து டெஸ்ட் மேட்ச். பவுண்டரி ஓரத்துல மொயின் அலி ஃபீல்டிங் நிக்கிறார். கேலரியில இருந்து ஒரு குரல்: “மொயின் பாய், வலிமை அப்டேட்!” பாவம், அந்த மனுஷன் பர்மிங்ஹாமில் பிறந்தவர். “வலிமைன்னா என்ன?”ன்னு மொயின் அலி தன்கிட்ட வந்து கேட்டதா அஸ்வினே பிறகு சொன்னார். அதே வாரத்துல அஜித் அறிக்கை விட்டார். அப்டேட் வரும்போது வரும், பொறுமையா இருங்க, பொது இடத்துல கண்ணியமா நடந்துக்குங்கன்னு.

இப்போ இந்தக் கூட்டத்தைக் கேட்கிறேன். ‘வலிமை’ படத்தோட கதையை யாராவது ரெண்டு வரியில சொல்லுங்க. பைக் வரும், போகும், மறுபடி வரும். அதுக்கு மேல நமக்கு ஞாபகம் இல்ல. ஆனா ‘வலிமை அப்டேட்’னா பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். படம் மூணு மணி நேரம் ஓடுச்சு, காத்திருப்பு ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. எது சூப்பர் ஹிட்? நடுவரே முடிவு பண்ணட்டும்.

உடனே எதிரணி அக்கா எழுந்து, “இதெல்லாம் யூடியூபும் விளம்பர கம்பெனியும் பண்ற வேலை, அந்தக் காலத்துல ஏது காத்திருப்பு?”ன்னாங்க. அக்கா, அந்தக் காலத்தைப் பத்தி எங்ககிட்ட பேசாதீங்க. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ தெரியுமா? 1970ல ஜப்பான்ல ஒசாகா எக்ஸ்போ நடந்தப்போ போய்ப் படம்பிடிச்சது. ரிலீஸ் ஆனது 1973 மே 11. இந்த மூணு வருஷத்துக்குள்ள எம்.ஜி.ஆரைத் தி.மு.க.வை விட்டு நீக்கி, அவர் தனிக்கட்சியே ஆரம்பிச்சுட்டார். இந்தப் படம் வெளிவந்தா நான் புடவை கட்டிக்கிறேன்னு தி.மு.க. பிரமுகர் மதுரை முத்து சவால் விட்டார். சென்னையில போஸ்டர் ஒட்டுறதுக்கு வரியை ஏத்திட்டாங்கன்னு, போஸ்டருக்குப் பதிலா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டினாங்க. யோசிச்சுப் பாருங்க, போஸ்டர் இல்ல, டீசர் இல்ல, டிரெய்லர் இல்ல. ஊரே எதுக்காகக் காத்திருந்துச்சு? படம் வருமா, இல்ல புடவை வருமா? இந்த ரெண்டு கேள்வியை வச்சே தமிழ்நாட்டு டீக்கடைங்க மாசக்கணக்கா ஓடுச்சு. விளம்பர கம்பெனி எதுவும் பண்ணாத வேலையை ஒரு புடவை பண்ணுச்சு.

அதுக்கும் முன்னாடி போகலாம். ‘சந்திரலேகா’. 1948. எஸ்.எஸ். வாசன் வருஷக்கணக்கா எடுத்தார். பத்திரிகைக்காரர் ஆச்சே, ஜனங்களை எப்படிக் காக்க வைக்கிறதுன்னு அவருக்குத் தெரியாதா? ‘ஆனந்த விகடன்’ நடத்தினவருக்கு “அடுத்த இதழில் தொடரும்”ங்கிறதோட மகிமை தெரியும். முரசு நடனத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அதைப் பத்திக் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு நாடே தயாராகிடுச்சு.

என் வயசுக்காரங்களுக்குக் கேசட்டு. படம் வர்றதுக்கு முன்னாடி பாட்டு வந்துடும். கேசட் வாங்கக் காசு இருக்காது. கடைக்காரர்கிட்ட 60 நிமிஷ காலி கேசட்டைக் கொடுத்து, ஏ பக்கம் இந்தப் படம், பி பக்கம் அந்தப் படம்னு எழுதிக் கொடுத்துட்டு வருவோம். சாயங்காலம் எங்க தெருத் திண்ணையில ஒரே டேப் ரெக்கார்டர், சுத்தி எட்டுப் பேர். பாட்டைக் கேட்டே படத்தை நாங்க எடுத்துடுவோம். “இது மழைப் பாட்டுடா, அந்தப் புல்லாங்குழலைக் கேளு.” “மழையில்ல, இது ஹீரோயின் ஊரை விட்டுப் போறப்போ.” “அப்போ ரெண்டாவது சரணத்துல தபேலா எதுக்கு?” அடிதடி வரைக்கும் போகும். கடைசியில படம் வந்து பார்த்தா, மழையும் இல்ல, ஊரும் இல்ல. வெள்ளைச் சட்டை போட்ட முப்பது பேர் நடுரோட்டுல வரிசையா நின்னு கையைக் காலை ஆட்டிக்கிட்டிருப்பாங்க. நான் இன்னிக்கும் சொல்றேன், எங்க திண்ணையில எடுத்த படம்தான் நல்ல படம். அதுல புல்லாங்குழலுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

எதிரணி இதைத்தான் கவனிக்கணும். படம் ஒரு டைரக்டர் எடுக்கிறது. காத்திருப்பு நாம எடுக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ 1950ல ‘கல்கி’யில தொடரா ஆரம்பிச்சது. எம்.ஜி.ஆர். படமாக்கணும்னு நினைச்சார், நடக்கல. கமல் நினைச்சார், நடக்கல. திரையில வந்தது 2022 செப்டம்பர் 30. இடையில எத்தனை வீட்டுல எத்தனை பொன்னியின் செல்வன் ஓடியிருக்கும்! மணியம் வரைஞ்ச படத்தைப் பார்த்து வளர்ந்த பாட்டிக்கு ஒரு குந்தவை. அம்மாவுக்கு ஒரு குந்தவை. வந்தியத்தேவனா யாரைப் போடலாம்னு சிவாஜி காலத்துல இருந்து ஒவ்வொரு தலைமுறையும் ஆளை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. மணி ரத்னம் நல்லாத்தான் எடுத்தார், நான் மறுக்கல. ஆனா அந்தப் படம் வந்த அன்னிக்கு என்ன ஆச்சு? லட்சக்கணக்கான படங்கள் ஒரே நாள்ல தியேட்டரை விட்டுத் தூக்கப்பட்டுச்சு. எல்லாம் அவங்கவங்க மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த படங்க.

இன்னிக்கு நிலைமையைச் சொன்னா சிரிப்பு வரும். முதல்ல அறிவிப்பு. அப்புறம் டைட்டில் லுக், ஃபர்ஸ்ட் லுக், செகண்ட் லுக், மோஷன் போஸ்டர், கிளிம்ப்ஸ், முதல் சிங்கிள், அந்தச் சிங்கிளுக்கு ஒரு ப்ரோமோ, ஆடியோ லாஞ்ச், டீசர், டிரெய்லர். “நாளை மாலை 5 மணிக்கு ஒரு அறிவிப்பு”ன்னு போடுவான். 5 மணிக்குப் போய்ப் பார்த்தா, “டிரெய்லர் தேதி நாளை அறிவிக்கப்படும்”னு இருக்கும். திட்டுறோம். திட்டிக்கிட்டே ஷேர் பண்றோம். 2016ல ‘கபாலி’க்கு விமானத்துக்கே பெயின்ட் அடிச்சாங்க. ஏர் ஏசியா விமானம் முழுக்க ரஜினி. படம் ஓடறதுக்கு முன்னாடி பறந்துடுச்சு!

சினிமா வியாபாரமே எங்க கட்சிதான் ஐயா. எம்.ஆர்.ங்கிற மதுரை ராம்நாடு, டி.டி.ங்கிற திருச்சி தஞ்சாவூர், டி.கே.ங்கிற நெல்லை கன்னியாகுமரி, ஒவ்வொரு ஏரியாவுக்கும் விநியோகஸ்தர் ரிலீசுக்கு முன்னாடியே அட்வான்ஸோ மினிமம் கியாரண்டியோ எழுதிக் கொடுக்கிறாரே, எதுக்கு? படம் எப்படி இருக்குன்னு ஊர் உலகத்துக்கு அப்போ தெரியாது. அவர் விலை பேசுறது நம்ம காத்திருப்புக்கு. அந்தச் சரக்குக்கு மார்க்கெட்ல என்ன மதிப்புன்னு கோடம்பாக்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு, எதிரணிக்குத்தான் தெரியல.

எதிரணித் தம்பி புத்திசாலி. ‘கங்குவா’வை எடுத்தார். 2000 கோடி வசூலிக்கும்னு படத்தரப்புல பேசினாங்களே, 2024 நவம்பர்ல வந்து என்ன ஆச்சுன்னு கேட்டார். தம்பி, 2000 கோடின்னு சொன்னது நாமளா? ரசிகன் எப்பவாவது கோடிக்காகக் காத்திருப்பானா? அவன் சூர்யாவுக்காகக் காத்திருந்தான். ஆசையை வளர்த்தவன் ரசிகன், தொகையை வளர்த்தவங்க வேற ஆளுங்க. அவங்க கடனை எங்க கணக்குல எழுதாதீங்க.

அடுத்து ‘மதகஜராஜா’. 2013 பொங்கலுக்கு வரவேண்டியது, 2025 ஜனவரி 12ல வந்து ஜெயிச்சது. யாருமே எதிர்பார்க்காத படம்தானே ஜெயிச்சதுன்னு கேட்டு பெரிய கைதட்டல் வாங்கினார். நான் கேட்கிறேன், 2013லயே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த வருஷம் வந்த பல சந்தானம் படத்துல அதுவும் ஒண்ணு. அதுக்கப்புறம் சந்தானம் ஹீரோ ஆகிட்டார். பக்கத்துல நின்னு கவுன்ட்டர் கொடுக்கிற அந்தச் சந்தானம் காணாமப் போயிட்டார். ஜனங்க வருஷக்கணக்கா அந்த ஆளுக்காகக் காத்திருந்தாங்க, தாங்க காத்திருக்கோம்னு தெரியாமலே. பொங்கலுக்குத் திரையில பழைய சந்தானம் வாயைத் திறந்தார், தியேட்டர் இடிஞ்சுது. அது விஷால் படமா, சுந்தர் சி படமா? பன்னிரண்டு வருஷக் காத்திருப்போட படம்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைச் சொன்னீங்க. 2025 மே 1, சூர்யாவோட ‘ரெட்ரோ’ வந்த அதே நாள், சத்தமில்லாம வந்து ஜெயிச்சது. உண்மை. ஆனா முதல் நாள் பார்த்தவர் வீட்டுக்கு வந்து என்ன பண்ணினார்? “நல்லாருக்கு, கதையைச் சொல்ல மாட்டேன், போய்ப் பாருங்க”ன்னார். போச்சா? ஞாயித்துக்கிழமை எப்போ வரும்னு அந்த வீடே நாள் எண்ண ஆரம்பிச்சுது. கம்பெனி செய்யாததைப் பக்கத்து வீட்டுக்காரர் செஞ்சார், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்துல நான் சிரிச்சுப் பேச மாட்டேன். 2023 ஜனவரி 11, ‘துணிவு’ நள்ளிரவுக் காட்சி, சென்னையில லாரி மேல ஏறி ஆடின ஒரு பையன் விழுந்து இறந்துபோனான். இதுதான் உங்க காத்திருப்போட லட்சணமான்னு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்தப் பையனோட அம்மாவுக்குப் பதில் சொல்ல எந்த அணிக்கும் யோக்கியதை இல்ல. ஆனா அந்த ராத்திரி ஒரு மணிக் காட்சி எதுக்கு வந்துச்சு? ஊருக்கு முன்னாடி நான் பார்த்துடணும்ங்கிற வெறிக்குத் தீனி போட. அது காத்திருக்கத் தெரியாதவன் வியாதி. அதுக்கப்புறம் அரசு அதிகாலைக் காட்சியை நிறுத்துச்சு. ‘லியோ’வுக்கு 4 மணிக் காட்சி கேட்டு ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, கிடைக்கல. கேரளாவுல அதிகாலைக் காட்சி உண்டுன்னு, பொறுக்க முடியாதவங்க பாலக்காட்டுக்கு வண்டி பிடிச்சாங்க. நாங்க 9 மணி வரைக்கும் தூங்கினோம். படம் எங்கேயும் ஓடிப்போயிடல.

கடைசியா, எதிரணியோட கோட்டைக்குள்ளேயே வர்றேன். தியேட்டருக்குள்ள. லைட் அணைஞ்சாச்சு, இனிமே பார்க்கிற சுகம்தானேன்னு நினைக்கிறீங்க. ‘பாட்ஷா’வை எடுத்துக்குங்க, 1995 பொங்கல். அந்த மாணிக்கம் ஆட்டோ ஓட்டிக்கிட்டு, அடி வாங்கிக்கிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருக்கார். தியேட்டர் முழுக்க என்ன பண்ணுது? ரஜினி எப்போ திருப்பி அடிப்பார்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருக்கு. சுரேஷ் கிருஷ்ணா நம்மளைத் தவிக்க விட்டு, விட்டு, தங்கச்சி மேல கை வச்சப்போதான் அவிழ்த்து விட்டார். அந்தச் சண்டை சில நிமிஷம்தான். அதுக்கு முன்னாடி நாம தவிச்சதுதான் அதைச் சண்டையாக்குச்சு. தங்கச்சி சீனே முதல் ரீல்ல வந்திருந்தா பாட்ஷாவும் ஏதோ ஒரு ஸ்டன்ட் படம்.

2024 ஏப்ரல்ல ‘கில்லி’யை மறுபடி ரிலீஸ் பண்ணினாங்க. டிவியில பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வசனமும் மனப்பாடம். புதுசா பார்க்க என்ன இருக்கு? ஆனாலும் ஹவுஸ்ஃபுல். முத்துப்பாண்டி வாயைத் திறக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி மொத்தத் தியேட்டரும் “செல்லம்!”னு கத்துது. பிரகாஷ்ராஜ் சொன்னதை யாரும் கேட்கவே இல்ல. அடுத்து வரப்போறது தெரிஞ்சும் அதுக்காகக் காத்திருக்க ஆயிரம் பேர் டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க. எதிரணியினர் இதைப் ‘பார்ப்பது’ன்னு சொல்லுவாங்களா?

மணி அடிச்சிட்டாங்க, முடிக்கிறேன். நடுவர் ஐயாவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இது வரைக்கும் ஆறு பேர் பேசியிருக்கோம், பனி கொட்டுது, கொசு கடிக்குது, முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒருத்தர்கூட எழுந்து போகல. நீங்க தீர்ப்புச் சொன்ன அடுத்த நிமிஷம் நாற்காலியை மடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அதனால அவசரப்படாம, முதல்ல தீர்ப்புக்கு ஒரு டீசர் மட்டும் விடுங்க ஐயா. நன்றி, வணக்கம்.