கீற்று மேகங்கள் மிதக்கின்றனவா, விழுகின்றனவா?

வணக்கம். நீலவானில் தூரிகையால் இழுத்துவிட்டதுபோல் நீளும் அந்த வெண்கோடுகள் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அவை விழுந்துகொண்டிருக்கும் பனி. கோட்டின் தலைப்பகுதியில் பிறக்கும் படிகங்கள் பருத்துக் கீழிறங்கும்போது, அங்கே காற்று பெரும்பாலும் மெதுவாக வீசுவதால் பின்தங்கி, வளைந்த வாலாகின்றன. வறண்ட காற்றை எட்டியதும் உருகாமலேயே ஆவியாகிவிடுவதால், அந்தப் பனி தரைக்கு வந்து சேர்வதே இல்லை.

பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடுவோம்: இம்மேகங்கள் மித வெப்ப மண்டலத்தில் ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேலும், வெப்ப மண்டலத்தில் 18 கிலோமீட்டர் வரையிலும் உருவாகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தொட்டால் மேகம் உருவாகிவிடும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? அந்தப் பாடம் இந்த உயரத்தில் செல்லுபடியாகாது. உறைவதற்குத் துணைபுரியும் தூசு இல்லையென்றால், நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்து, பனியைப் பொறுத்த ஒப்பு ஈரப்பதமும் (பனிப்படிகம் வளரவும் தேயவும் செய்யாத நிலையே இதில் நூறு சதவீதம்) 140 சதவீதத்தைத் தாண்டும் வரை திரவமாகவே இருக்கின்றன. அதன் பிறகு நடப்பதைக் காற்று மேலெழும் வேகம் தீர்மானிக்கிறது: மெதுவாக எழுந்தால் முதலில் உறைந்த சில படிகங்களே நீராவி முழுவதையும் எடுத்துக்கொண்டு பெரிதாகிவிடும்; வேகமாக எழுந்தால் அவை அதை உறிஞ்சி முடிப்பதற்குள் ஏராளமான துளிகள் உறைந்து, சிறுபடிகங்களாகப் பெருகிவிடும். அதனால்தான் ஒரு லிட்டர் காற்றில் ஓரிடத்தில் சில படிகங்களும் வேறோர் இடத்தில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கின்றன.

இவற்றை எண்ணச் சென்ற விமானங்களின் கதை இன்னும் வேடிக்கையானது. கருவியின் முனையில் மோதிய பெரிய படிகங்கள் நொறுங்கி, அந்தச் சில்லுகளும் தனிப் படிகங்களாகக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆகவே பழைய அளவீடுகள் பலவற்றில் சிறுபடிகங்களின் எண்ணிக்கை மிகையாகவே பதிவாகியிருந்தது. அளக்கப் போன கருவியே அளவைக் கூட்டிவிட்டது! பிற்காலத்தில் முனைகளின் வடிவத்தை மாற்றியும், அடுத்தடுத்து நெருங்கி வந்த துகள்களைக் கணக்கிலிருந்து நீக்கியும் இதைக் குறைத்தார்கள்.

இந்த எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மேகம் ஒளியையும் வெப்பத்தையும் எவ்வளவு தடுக்கும் என்பது அதிலுள்ள படிகங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. மெல்லிய கீற்று மேகம் சூரிய ஒளியைப் பெருமளவு உள்ளே விட்டு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. தடித்த மேகமோ ஒளியைத் திருப்பியனுப்பிக் குளிர்விக்கவும் கூடும். கண்ணுக்கே புலப்படாத கீற்று மேகங்களும் உண்டு. 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோள் லேசர் கதிரைச் செலுத்தி அவற்றையும் பதிவு செய்தது.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். சூரியனைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தால், சூரியனை நேராகப் பார்க்காமல், நீட்டிய கையின் கட்டைவிரலால் அதை மறைத்து விரல்களை விரியுங்கள். அறுகோணப் படிகங்கள் ஒளியை விலக்கும் 22 டிகிரி வளையம் சுண்டுவிரல் நுனிக்கு அருகில் வருகிறதா என்று கமெண்டில் எழுதுங்கள்.