ஐடி வேலைக்கு முதல்ல எந்த சர்ட்டிஃபிகேட்? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

[திரையில்: ஒரு கம்ப்யூட்டரோட நெட்வொர்க் செட்டிங்]

ஐபி முகவரி 192.168.10.70. எந்த முகவரியெல்லாம் ஒரே நெட்வொர்க்குன்னு சொல்ற சப்நெட் மாஸ்க் 255.255.255.192. கேட்வே, அதாவது வெளிய போறதுக்கான ரூட்டரோட முகவரி, 192.168.10.1. கேபிள் சரியா இருக்கு, ரூட்டர்ல விளக்கு எரியுது, ஆனா இன்டர்நெட் வரல. ஏன்? வீடியோவ நிறுத்திட்டு யோசிங்க, பதில கமெண்ட்ல போட்டுட்டு வாங்க. காரணம் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு ஒரே ஒரு சர்ட்டிஃபிகேட் போதும், இண்டர்வியூவுல பேச விஷயம் இருக்கும். தெரியலன்னா ஃபைல் நிறைய சர்ட்டிஃபிகேட் இருந்தும் கைகொடுக்காது.

வணக்கம். எஸ்பிஎம் முடிச்சவங்க, டிப்ளோமா வச்சிக்கிட்டு வேலை தேடுறவங்க, ஃபேக்டரியில ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே ஐடிக்கு மாற நினைக்கிறவங்க, எல்லாருக்கும்தான் இந்த வீடியோ. சர்ட்டிஃபிகேட் பட்டியல அப்புறம் பாருங்க. முதல்ல ஜாப்ஸ்ட்ரீட்ட திறங்க. நீங்க தினமும் போய்வரக்கூடிய இடத்தப் போடுங்க: பாயான் லெப்பாஸ், சைபர்ஜெயா, பங்சார் சவுத், எதுவா இருந்தாலும் சரி. அனுபவம் கேக்காத விளம்பரம், இல்லன்னா ஒரு வருஷம் மட்டும் கேக்குற விளம்பரமா இருபது எடுத்து முழுசா படிங்க. எந்த சர்ட்டிஃபிகேட் பேரு வந்தாலும் தாள்ல ஒரு கோடு போடுங்க. எதுக்கு கோடு அதிகமோ, அதுதான் உங்க ஊர்ல உங்களுக்கு முதல் சர்ட்டிஃபிகேட்.

ஊருக்கு ஊரு இது மாறும். 1972-ல இன்டெல் வந்த காலத்துலேர்ந்து பினாங்குல மின்னணு ஃபேக்டரிங்க நிறைய. அங்க நெட்வொர்க் நின்னா லைனே நிக்கும், அதனால கையில வேலை தெரிஞ்ச ஆளத் தேடுவாங்க. கேஎல் பக்கம் ஷேர்டு சர்வீஸ் சென்டருங்க அதிகம், அதாவது பெரிய கம்பெனியோட பல கிளைக்கும் ஒரே இடத்துலேர்ந்து வேலை செஞ்சு கொடுக்குற ஆபீஸ். அங்க எல்லாமே டிக்கெட் கணக்குதான், ஒவ்வொரு புகாரும் ஒரு நம்பரோட பதிவாகும். விளம்பரத்துல ஐடில்ங்கிற (ITIL, ஐடி சேவைய ஒழுங்கா நடத்துற முறை) பேரும் வரும். ஐடில் 4 ஃபவுண்டேஷன் 40 கேள்வி, 60 நிமிஷம், 26 சரியா இருந்தா பாஸ். கூடுதலா வச்சிக்கிட்டா நல்லது, அத மட்டும் நம்பிப் போகாதீங்க.

ஹெல்ப்டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட்டுன்னா காம்ப்டியா ஏ பிளஸ். இதுல ரெண்டு பேப்பர்: 220-1201, 220-1202. ஒவ்வொண்ணும் 90 நிமிஷம். முதல் பேப்பருக்கு 675, ரெண்டாவதுக்கு 700 வேணும், ரெண்டுலயும் உச்சம் 900. கட்டணமும் ரெண்டு தடவை. ஒரு பேப்பர் மட்டும் பாஸ் பண்ணா சர்ட்டிஃபிகேட் வராது.

நெட்வொர்க்குன்னா சிஸ்கோ சிசிஎன்ஏ. ஒரே பேப்பர், 120 நிமிஷம், 300 அமெரிக்க டாலர். கஷ்டமான பேப்பர்தான். ஆனா ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு நான் மனசார சொல்றது இதத்தான். ஏன்னு காட்டுறேன், முதல்ல கேட்ட கணக்குக்கு வாங்க.

[திரையில்: 256 − 192 = 64]

மாஸ்க்கோட கடைசி எண் 192. அத 256-லேர்ந்து கழிச்சா 64. அப்போ நெட்வொர்க் 64, 64-ஆ துண்டு விழும்: 0, 64, 128, 192. நம்ம கம்ப்யூட்டர் 70, அது 64-லேர்ந்து 127 வரைக்கும் இருக்கிற துண்டுல வரும். 64 நெட்வொர்க்கோட சொந்த முகவரி, 127 பிராட்காஸ்ட் (துண்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புற முகவரி), மெஷினுக்குக் கொடுக்க முடிஞ்சது 65-லேர்ந்து 126 வரைக்கும், மொத்தம் 62. கேட்வே எங்க இருக்கு? 1-ல. அது முதல் துண்டு. ஒவ்வொரு துண்டையும் ஒரு லோரோங்னு வச்சிக்குங்க. நம்ம லோரோங்க விட்டு வெளிய போற வழி ரூட்டருக்குத்தான் தெரியும், ஆனா அந்த ரூட்டரே அடுத்த லோரோங்ல உக்காந்திருக்கு! அப்புறம் பாக்கெட், அதாவது நாம அனுப்புற டேட்டா, எப்படி வெளிய போகும்? இந்த மாதிரிக் கணக்குதான் சிசிஎன்ஏ-ல வரும், அதனாலதான் அத சொன்னேன்.

சரி பண்ண ரெண்டு வழி. ஆபீஸ் திட்டப்படி மாஸ்க் 255.255.255.0-ன்னா மாஸ்க்க மாத்துங்க. இல்ல, துண்டு போட்ட நெட்வொர்க்தான்னா, அந்தத் துண்டுக்குள்ள ரூட்டருக்கு இருக்கிற முகவரிய, உதாரணத்துக்கு 65-ஐ, கேட்வேயா போடுங்க. இன்னொண்ணு கவனிங்க: இப்படித் தப்பா போட்டா விண்டோஸே, கேட்வே இந்த நெட்வொர்க்குல இல்லன்னு எச்சரிக்கும். அதப் படிக்காம ‘யெஸ்’ அழுத்திட்டுப் போறதாலதான் பாதி பிரச்சினை.

இதயெல்லாம் வீட்டுலேயே செஞ்சு பார்க்கலாம், காசு வேணாம். நெட்வொர்க்க திரையிலேயே வரைஞ்சு ஓட்டிப் பார்க்கிற சிஸ்கோவோட பாக்கெட் டிரேசர் இலவசம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸும் இலவசம், விண்டோஸ் சர்வர் 180 நாளுக்கு சோதனைப் பதிப்பு கொடுக்குறாங்க. ஒரு சர்வர், ஒரு கிளையன்ட் போட்டு, ஐபி முகவரிய தானா கொடுக்குற டிஹெச்சிபி-ய வேணும்னே நிறுத்துங்க. கிளையன்ட்ல ‘ipconfig /release’, அப்புறம் ‘ipconfig /renew’னு கட்டளை அடிச்சிட்டு, ‘ipconfig’-ல முகவரியப் பார்த்தா 169.254-ன்னு ஆரம்பிக்கிற முகவரி வரும். டிஹெச்சிபி-கிட்டேர்ந்து பதில் வரலன்னு அர்த்தம். வேலைக்குப் போன முதல் வாரத்துலேயே இது உங்க கண்ணுல படலாம்.

கிளவுடு, அதாவது சர்வர இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுக்கிறது, சுருக்கமா. அமேசானோட ஏடபிள்யூஎஸ் 2024-லயும் மைக்ரோசாஃப்ட் 2025-லயும் மலேசியாவுலேயே கிளவுடு ரீஜன் (டேட்டா சென்டர் தொகுதி) திறந்துட்டாங்க, அதனால ஆசை வர்றது நியாயம். ஏடபிள்யூஎஸ் கிளவுடு பிராக்டிஷனர் 100 டாலர், அது அறிமுகம் மட்டுந்தான். வேலைக்குப் பேசுறது சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட், 150 டாலர். முதல் பேப்பர் பாஸ் பண்ணா அடுத்ததுக்குப் பாதி விலைச் சலுகை கிடைக்கும், அதப் பயன்படுத்துங்க. பயிற்சி அக்கவுண்ட் திறந்த அன்னிக்கே பட்ஜெட் அலர்ட் போடுங்க. சர்வர நிறுத்தினாலும் அதோட டிஸ்க்குக்குக் காசு ஓடும், டிலீட் பண்ணாத்தான் நிக்கும்.

சைபர் செக்யூரிட்டின்னா காம்ப்டியாவோட செக்யூரிட்டி பிளஸ், அதுவும் நெட்வொர்க் தெரிஞ்ச பிறகு. அனுபவசாலிங்களுக்கான செக்யூரிட்டி சர்ட்டிஃபிகேட்டான சிஐஎஸ்எஸ்பி-ய யாராவது புதுசா வர்றவங்களுக்கு விக்கப் பார்த்தா எந்திரிச்சு வந்துடுங்க. அதுக்கு 5 வருஷ வேலை அனுபவம் வேணும்.

காசு விஷயம். ‘அஞ்சு சர்ட்டிஃபிகேட், ஒரே பேக்கேஜ், இத்தனை ஆயிரம் வெள்ளி’ன்னு சொல்ற இடத்துல மூணு கேள்வி கேளுங்க: பரீட்சை வவுச்சர் (பரீட்சைக் கட்டணத்துக்கான கூப்பன்) இதுல அடக்கமா? ஏ பிளஸ்னா ரெண்டு பேப்பருக்கும் இருக்கா? வவுச்சர் எப்போ காலாவதி ஆகும்? எழுத்துல பதில் தராத இடத்துல முன்பணம் கட்டாதீங்க. ஏற்கெனவே வேலையில இருக்கிறவங்க, கம்பெனி ஊழியர் பயிற்சிக்கான எச்ஆர்டி கார்ப் லெவி கட்டுதான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. அது முதலாளி கட்டுற பணம், பயிற்சிக்கு கம்பெனிதான் விண்ணப்பிக்க முடியும். நீங்க வாய் திறந்து கேட்டாத்தான் அது நடக்கும்.

கடைசியா பரீட்சைப் பதிவு. படிவத்துல முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம் இருக்கும். நம்ம மைகார்டுலயோ நடுவுல ஏ/எல், ஏ/பி. வீட்டுல கூப்பிடுற பேரப் போடாதீங்க, மைகார்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். உங்க பேரு முதல் கட்டத்துல, அப்பா பேரு ரெண்டாவதுல. சந்தேகம் இருந்தா பரீட்சைக்கு முன்னாடியே பரீட்சைய நடத்துற பியர்சன் வியூ-கிட்ட கேட்டுத் திருத்திக்குங்க, வாசல்ல போய் நின்னு திருத்த முடியாது. காம்ப்டியாவுக்கு ரெண்டு அடையாள அட்டை கேப்பாங்க, ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.

வீட்டுலேர்ந்தே எழுதுறதா இருந்தா ஆபீஸ் லேப்டாப் வேணாம், அதுல இருக்கிற விபிஎன்னும் ஃபயர்வாலும் பரீட்சை சாஃப்ட்வேர தடுத்துடும். மேசையில ஒண்ணும் இருக்கக் கூடாது, ரெண்டாவது மானிட்டரக் கழட்டிடுங்க, கேள்விய வாய்விட்டுப் படிக்காதீங்க. அம்மா மைலோ கொண்டு வந்து கொடுத்தாக்கூட பரீட்சைய நிறுத்திடுவாங்க. கதவுல தாள் ஒட்டி, வீட்டுல எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லி வைங்க.

இருபது விளம்பரத்தையும் படிச்சு முடிச்சிட்டு, எந்த ஊரு, எதுக்கு எத்தனை கோடு விழுந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அதிகமா வர்ற பேப்பருக்குத்தான் அடுத்த வீடியோவுல லேப் போட்டுக் காட்டப் போறோம்.