'நீ' என்றால் யார்?

வணக்கம் நேயர்களே. முதற்காதல் பாட்டுகளுக்கு விளக்கம் சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தலை நரைத்த பிறகு வந்த அழைப்பு. சரி, வயது போனால் வெட்கமும் போய்விடும்தானே.

தமிழ்ப் பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. அவன், அவள் என்றால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். 'நீ' என்றால் தெரியாது. கேட்கிறவர் தன் மனதில் இருக்கிற முகத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அநேகமாகக் காதலித்தவரின் முகத்தைத்தான் வைக்கிறோம். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது.

நற்றிணை 172ஆம் பாட்டை எடுங்கள். திருகோணமலையில் எங்கள் உப்புவெளிபோல ஒரு கடற்கரை. சின்ன வயதில் விளையாடும்போது வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிட இது சிறந்தது, உங்கள் தங்கை என்கிறாள் தாய். பிறகு அந்த மரத்தடிக்குக் காதலன் வர, தோழி சொல்கிறாள்: "அம்ம! நாணுதும், நும்மொடு நகையே." தங்கைக்கு முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாம்.

சீக்கிரம் கலியாணத்தைப் பேசு என்பதுதான் இதன் குறிப்பு என்பார்கள் உரைகாரர்கள். இருக்கட்டும். நான் முதல் அடியிலேயே நின்றுவிடுவேன். "விளையாடு ஆயமொடு", விளையாட்டுக் கூட்டத்தோடு என்று வருகிறதே, அந்தப் பிள்ளைகள் எங்கே? பேசுகிற தோழியைத் தவிர மற்றவர்கள் அந்தச் சொல்லோடு சரி. மரம் மட்டும் நிற்கிறது.

எங்களுக்குப் புன்னங்கொட்டைதான் போளை, அதாவது கோலிக்குண்டு. கண்ணாடிப் போளை வாங்கக் காசு கிடைக்காது. கொட்டையைச் சட்டையில் தேய்த்தால் மினுங்கும், ஆனால் நேராக ஓடாது. அதிலும் குறி தவறாமல் அடிப்பான் பக்கத்து வீட்டுப் பெடியன். 1990இல் ஓர் இரவு அவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறிவிட்டார்கள். விடிய எழும்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கொடியில் அவனுடைய காற்சட்டை மட்டும் தொங்கியது.

இப்போதும் ரேடியோவில் பிரிவுப் பாட்டு ஏதாவது போனால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். "யாரப்பா அவள்?" என்று மனைவி கேட்பாள். சிரித்துச் சமாளிப்பேன். காற்சட்டைக் கதையை அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் இருப்பாள்.