கருக்கல் நேரத்து விளக்கும் தீப்பெட்டி ஒட்டுன கைகளும்

வானொலி கேட்டுக்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பழைய நாளைப் பத்தி கொஞ்ச நேரம் பேசுங்கன்னு கேட்டாங்க. எதைப் பேசலாம்னு நினைச்சா பனங்கிழங்கு, பம்பரம், கண்மாயில குளிச்சது, தாயம் விளையாண்டதுன்னு எல்லாம் முன்னாடி வந்து நிக்குது, அதையெல்லாம் நிறைய பேரு நல்லாவே சொல்லிட்டாங்க. நான் பேசப்போறது வெளிச்சத்தைப் பத்தி. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து கரிசக்காட்டு கிராமங்கள்ல கரண்டு வர்றதுக்கு முன்னாடி ராத்திரின்னா எப்படி இருந்துச்சு, அந்த இத்துனூண்டு வெளிச்சத்துல உக்காந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க என்ன வேலை பார்த்தாங்க, அதைத்தான் சொல்லப்போறேன்.

1960கள் கடைசி, 70கள். எங்க ஊர்ல எல்லாம் பொழுதடையுறதுக்கு முன்னாடியே சாப்பாடு முடிஞ்சிரும். கம்மஞ்சோறு, சோளச்சோறு, இல்ல குதிரைவாலி, நெல்லுச்சோறு நல்ல நாளுக்குத்தான். சாப்பிட்ட கும்பாவைக் கழுவிக் கவுத்திட்டு, வாசத்தெளிச்சு, கருக்கல்ல விளக்கு வைப்பாங்க. முதல்ல சாமி மாடத்துல ஒரு அகல், அதுக்கப்புறம் தான் சீமெண்ணெ விளக்கு. விளக்கு வச்சதுக்கப்புறம் வீட்டைக் கூட்டி குப்பையை வெளிய தள்ளக்கூடாது, ஊசி குடுக்கக்கூடாது, உப்பு கடன் குடுக்கக்கூடாது. இதெல்லாம் மூட நம்பிக்கைன்னு சொல்லுவாங்க, ஆனா அந்த இருட்டுல தரையில விழுந்த ஊசியை எப்படித் தேடுவீங்க, குப்பையோட சேர்ந்து ஒரு கம்மல் திருகாணி போச்சுன்னா எங்க போய் எடுப்பீங்க? எங்க ஆச்சி சொன்ன சட்டதிட்டத்துல பாதிக்குமேல வெளிச்சம் பத்தாததுனால வந்ததுதான்னு நான் நினைக்கிறேன்.

விளக்குல பல தினுசு உண்டு. வசதி இல்லாத வீட்டுல மருந்து பாட்டில்ல மூடியை ஓட்டை போட்டு, ஒரு தகரக் குழாயைச் சொருகி, பழந்துணியில திரி போட்டு எரிப்பாங்க. அதுக்கு கண்ணாடி கிடையாது, காத்தடிச்சா ஆடும், புகை நேரா மூக்குக்குள்ள போகும், காலையில எந்திரிச்சு மூக்கைச் சிந்தினா கருப்பா வரும். அதுக்கு மேல சிம்னி விளக்கு. அதுக்கும் மேல அரிக்கேன், எங்க பக்கம் ராந்தல்னும் சொல்லுவாங்க, அது பெரும்பாலும் ஆம்பளைங்க ராத்திரி காட்டுக்குப் போறதுக்கும் மாட்டுத் தொழுவுக்குப் போறதுக்கும்.

சிம்னி துடைக்கிற வேலை பிள்ளைங்களுக்கு. காரணம் என்னன்னா பெரியவங்க கை அந்தக் கண்ணாடிக்குள்ள போகாது. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில உக்காந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டு, மெல்லிசு வேட்டித் துணியை விரல்ல சுத்தி உள்ள விட்டு, கரிப்பிடிச்ச இடத்தை ஊதி ஊதித் துடைக்கணும். சூடா இருக்கும்போது ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் சடக்குன்னு விரிஞ்சிரும். சிம்னி உடைஞ்சிருச்சுன்னா டவுனுக்குப் போற யாராவது வாங்கிட்டு வர்ற வரைக்கும் வீட்டுல வெளிச்சம் பாதிதான், அதனால அந்தக் கண்ணாடியை நாங்க பச்சப்பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கி வைப்போம். திரியை மட்டமா கத்தரிக்கணும், கோணலா இருந்தா ஒரு பக்கம் நாக்கு நீட்டி எரிஞ்சு கண்ணாடி கருத்துப் போகும். இந்த நுணுக்கமெல்லாம் யாரும் உக்கார வச்சு சொல்லித் தரல, பக்கத்துல இருந்து பாத்துப் பாத்து வந்ததுதான்.

சீமெண்ணெ கடையில உழக்குக் கணக்குல ஊத்துவாங்க. கார்டுக்கு ரேஷன் வந்ததுக்கப்புறம் வரிசையில நிக்கணும். 1973ல உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறினப்ப அந்த வரிசை எங்க ஊருக்கும் வந்திருச்சு, அரபு நாடு எங்க இருக்குன்னு தெரியாத எங்க ஆச்சி, எவனோ எங்கயோ சண்டை போடுறான் நமக்கு விளக்கை அமத்தச் சொல்றான்னு திட்டிக்கிட்டே திரியை இறக்கி வைப்பா. எண்ணெய் வந்த அந்த நாலு காலன் டின்னு இருக்கே, அதுவும் வீணாப் போகாது. மேல வெட்டி, குறுக்க ஒரு மரக்கட்டை அடிச்சு, தண்ணி சுமக்கிற டின்னா ஆயிரும், தோள்ல காவடி மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு ஊருணியில இருந்து கொண்டு வருவாங்க.

சரி, விளக்கு வச்சாச்சு. வீட்டுக்கு ஒரு விளக்குதான, அதனால எல்லாரும் அங்கதான் இருக்கணும். படிக்கிறவனும் அங்க, பருத்தி எடுத்துட்டு வந்து காலை நீட்டி உக்காந்த அம்மாவும் அங்க, வெத்தலை இடிக்கிற ஆச்சியும் அங்க, கைப்பிள்ளையும் அங்க. அந்த நேரத்துலதான் தீப்பெட்டி ஒட்டுற வேலை ஆரம்பிக்கும்.

தீப்பெட்டித் தொழில் இந்தப் பக்கம் எப்படி வந்துச்சுன்னு இளையவங்க சில பேருக்குத் தெரியாம இருக்கலாம். சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேரு 1922ல கல்கத்தாவுக்குப் போய் தொழில் கத்துக்கிட்டு வந்து 1923ல சிவகாசியில ஆரம்பிச்சாங்க. அப்புறம் சாத்தூர், கோவில்பட்டின்னு பரவுச்சு. மழை கம்மி, காத்துல ஈரம் கிடையாது, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். விவசாயத்துக்கு எது கெடுதலோ அது இந்தத் தொழிலுக்கு நல்லதாப் போச்சு. வானம் பொய்க்கிற பூமியில வேலைக்கு ஆளும் நிறைய இருந்தாங்க. எங்க ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தீப்பெட்டி ஆபீஸ்தான். ஆபீஸுக்குப் போயிருக்கான்னா கட்டை அடுக்கப் போயிருக்கான்னு அர்த்தம். கட்டை அடுக்குறதுன்னா சட்டத்துல ஒவ்வொரு குச்சியா வரிசைக்கு நிறுத்தி வைக்கிறது, அதை அப்படியே மொத்தமா மருந்துல முக்குவாங்க. குச்சித் தலையில பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், பெட்டியோட பக்கவாட்டுல சிவப்பு பாஸ்பரஸ், ரெண்டும் உரசினாத்தான் தீ. மருந்து இருக்கிற வேலை எல்லாம் ஆபீஸ்ல. வெறும் பெட்டி ஒட்டுறது வீட்டுல.

மெல்லிசா சீவுன மரத்தகடு கட்டுக்கட்டா வரும், மடிக்கிற இடத்துல கோடு போட்டிருக்கும். கூடவே ஊதாத் தாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சியும் எலியும் கடிக்காம இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போட்டு பசை கிண்டி வச்சுக்குவாங்க. அம்மா முன்னாடி ஒரு பலகை இருக்கும். தாள்ல பசையைத் தடவி, தகட்டை எடுத்து வச்சு, மடக்கு மடக்குன்னு மடக்கி ஒரு சுத்து சுத்தி வலப்பக்கம் வீசுவாங்க பாருங்க, அந்த வேகம் இருக்கே, அப்படி ஒரு வேகம். மேல்பெட்டி தனி, அடிப்பெட்டி தனி. அடிப்பெட்டிக்கு அடிப்பக்கம் வேற ஒட்டணும், அது கஷ்டம், அதுக்கு கூலி கொஞ்சம் கூட. கதை சொல்லிக்கிட்டே ஒட்டுவாங்க, பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே ஒட்டுவாங்க, விளக்கு அணைஞ்சிட்டாக்கூட கை நிக்காது. எங்க ஆச்சிக்கு கடைசியில பார்வை மங்கிப் போச்சு, அப்பவும் அவ ஒட்டுன பெட்டியில ஒண்ணு கோணல்னு யாரும் திருப்பிக் குடுத்தது இல்ல.

கணக்கு குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. காயப் போட்டு, சாக்குல அள்ளி, தலையில வச்சு ஏஜெண்டு வீட்டுக்குக் கொண்டு போகணும். அங்க எண்ணுவாங்க. சரியில்லாததைக் கழிப்பாங்க. கழிச்சது போக மிச்சத்துக்கு சின்ன நோட்டுல வரவு வைப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அந்த நோட்டை என்கிட்ட கொண்டு வந்து, சரியாத்தான எழுதியிருக்கான்னு கேப்பா. நான் பார்த்துச் சொல்லுவேன். சில நேரம் குறைஞ்சிருக்கும். போய்க் கேட்டா, அடுத்த தடவை தகடு தர மாட்டாங்களோன்னு பயம். கேக்காம வந்திருவா. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

மழை பெஞ்சா காய்ஞ்ச பெட்டி எல்லாம் நமுத்து விட்டுப் போகும். முத்தத்துல கிடக்கிற பெட்டிகளை அள்ளி உள்ள போடுறதுக்கு வீடே ஓடும். ஆனா ஐப்பசி மழைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, ஈசல். மழை விட்ட சாயந்தரம் விளக்கைத் தேடி வந்து விழும் பாருங்க, விளக்குக்கு அடியில அகலமா ஒரு சட்டியில தண்ணி வச்சிருவோம், அது நிறைஞ்சிரும். றெக்கையைப் புடைச்சுத் தள்ளிட்டு, அரிசியோட சேத்து வறுத்துக் குடுப்பாங்க. அந்த வாசனைக்குத் தெருவே முழிச்சிருக்கும்.

கார்த்திகைக்கு மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. வாசப்படி, திண்ணை, மாட்டுக் கொட்டம், குப்பைக்குழி மேல கூட அகல் வைப்பாங்க. பனை ஓலைக்குள்ள மாவை வச்சு அவிச்ச ஓலைக் கொழுக்கட்டை. பையன்களுக்கு மாவளி. ஆண்பனையோட பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடிச்சு, துணியில இறுக்கச் சுருட்டிக் கட்டி, பனை மட்டையைப் பிளந்து நடுவுல வச்சு, கயித்தைக் கட்டித் தலைக்கு மேல சுத்தினா பூவாக் கொட்டும் நெருப்பு. ஒரு பைசா செலவு இல்ல. பட்டாசு பண்ற பூமியில இருந்தும் நாங்க அதிகமா ரசிச்ச வாணவேடிக்கை அதுதான்.

பெட்டி ஒட்டுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இன்னொரு சொத்து, தீப்பெட்டிப் படம். மேல ஒட்டுற லேபிள். வெளியூர்ல இருந்து வந்த பெட்டியில புலி, மயில், கப்பல்னு புதுப் படம் ஏதாவது இருந்தா அதுக்கு மதிப்பு அதிகம். அடுக்கி வச்சு, கல்லை எறிஞ்சு, வட்டத்துக்கு வெளிய போனதை எடுத்துக்கிறது. ரெண்டு காலிப் பெட்டியில நூலைக் கட்டி தெரு முக்குல இருந்து போன் பேசுறது.

வெளிச்சம்னா கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸைச் சொல்லாம விட முடியாது. வாடகைக்கு வரும், கூடவே அதைக் கொளுத்தத் தெரிஞ்ச ஒரு ஆளும் வருவாரு. மேண்டிலைக் கட்டி, ஸ்பிரிட்டை ஊத்திச் சூடேத்தி, பம்ப் அடிச்சு, புஸ்ஸுன்னு சத்தத்தோட அது வெள்ளையாப் பிடிக்கிறப்ப சுத்தி நிக்கிற பிள்ளைங்க எல்லாம் ஓன்னு கத்துவோம். மேண்டில்ங்கிறது துணி எரிஞ்சு மிஞ்சுன சாம்பல்தான், தட்டினா உதிர்ந்திரும். அதைத் தலையில சுமந்துக்கிட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாடி ராத்திரி முழுக்க நடந்தவங்க இருக்காங்க. ஊர்வலத்துல எல்லார் முகமும் பளிச்சுன்னு தெரியும், சுமந்தவங்க முகம் விளக்குக்குக் கீழ நிழல்ல இருக்கும். சாப்பாட்டுப் பந்தியில அவங்களை உக்கார வச்சதையும் நான் பார்த்ததில்ல. அதை நான் சொல்லாம யார் சொல்லுவா.

பாபநாசத்துல 1944லயே தாமிரபரணித் தண்ணியில கரண்டு எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. டவுன்ல எல்லாம் ரொம்ப காலமா லைட்டு எரிஞ்சுச்சு. கம்பி எங்க காட்டு வழியாவே போகும், நாங்க மாடு மேய்க்கப் போறப்ப அந்தக் கம்பத்துல காதை வச்சு உர்ருன்னு சத்தம் கேப்போம். முதல்ல கிணத்து மோட்டாருக்கு வந்துச்சு, அப்புறம் தெருவிளக்கு, அப்புறம் ஓட்டு வீடுகளுக்கு. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்துல குடிசைக்கு ஒரு பல்புன்னு குடுத்தாங்க, அப்பத்தான் ஊர்க் கடைசித் தெரு வரைக்கும் எட்டுச்சு. எங்க வீட்டுல பல்பு எரிஞ்ச அன்னைக்கு அம்மா முதல்ல பார்த்தது சுவரை. அம்புட்டுக் கரி. மறுநாளே சுண்ணாம்பு அடிச்சாங்க. அந்த வாரமே ஏஜெண்டு கூடுதலா ரெண்டு கட்டு தகடு குடுத்தாரு, வெளிச்சம்தான் இருக்கே, இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டலாமேன்னு. ஒட்டுனாங்க. தூக்கம் குறைஞ்சுச்சு.

நான் பிறகு டீச்சராகி இதே வட்டாரத்துலதான் வேலை பார்த்தேன். விடியுறதுக்கு முன்னாடியே ஆபீஸ் வேன் வந்து ஆரன் அடிக்கும், சின்னச் சின்னப் பிள்ளைங்க தூக்குச்சட்டியோட ஏறும். வகுப்புல பேரு இருக்கும், பிள்ளை இருக்காது. வீடு வீடா ஏறி இறங்கிப் பேசுனோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல வந்துச்சு, அதுக்கப்புறமும் மாற நாளாச்சு. அப்ப நான் விட்டுக் குடுக்காம நின்னதுக்குக் காரணம் எங்க அம்மாவோட அந்த வரவு நோட்டுதான். இப்ப நிறைய வேலை மிஷினுக்குப் போயிருச்சு, பெட்டி அட்டையில வருது, ஒரு ரூபா தீப்பெட்டி 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபா ஆச்சு, லைட்டரோட போட்டி வேற.

நம்ம பக்கத்து தீப்பெட்டித் தொழிலைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. முதலாளிகளைப் பத்தி இருக்கு, ஏற்றுமதி பத்தி இருக்கு. விளக்கு வெளிச்சத்துல வீட்டுல உக்காந்து ஒட்டுனவங்க கணக்கு எங்கயும் முழுசா இல்ல. அதனால ஒரு கோரிக்கை. உங்க வீட்டுல பெட்டி ஒட்டுன அம்மா, ஆச்சி, மதினி யாராவது இருந்தா பக்கத்துல உக்காந்து கேளுங்க. குரோஸுக்கு என்ன கூலி, எந்த வருஷம் எவ்வளவு, ஒரு ராத்திரிக்கு எத்தனை ஒட்டுனாங்க, என்ன கதை பேசிக்கிட்டாங்க, என்ன பாட்டு பாடுனாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. போன்ல குரலைப் பதிவு பண்ணினாலும் சரி. இந்த நிலையத்துக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டா நான் உங்க ஆச்சி சொன்னதைப் படிக்கிறேன். நன்றி, வணக்கம்.