ஒரு சிறிய அறை கேட்டு வந்திருக்கிறேன்

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, பேராசிரியப் பெருமக்களே, என் அன்பு மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பொருளியல் துறைத் தலைவர் அவர்கள், சேமிப்பைப் பற்றி நான் சொல்ல நினைத்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. தேதி இரண்டு முறை மாறியும் சலிக்காமல் என்னை அழைத்த மாணவர் பேரவையினருக்கும், காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு நிற்கும் தம்பிகளுக்கும் நன்றி. முன்வரிசையில் இருக்கும் நூலகர் அம்மா அவர்களைத் தனியாக வணங்குகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று என் பாட்டி நாளுக்கு நான்கு முறை சொல்வார். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் அளக்காமல் போடுகிறவர்கள்தாம் நம்மில் அதிகம். பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுகிறோம். மூன்றாவது மாதம் வீட்டுக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிப் பணம் கேட்கிறோம். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். அதனால்தான் புத்தகம், கருவிகள், உடை என்று மூன்றையும் பிறர் பயன்படுத்திய பழையதாக வாங்குவதைப் பற்றிப் பேச வந்தேன்.

முதலில் புத்தகம். புதிய பதிப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பழையது வீணாகிவிடாது. பல பாடங்களில் அத்தியாய வரிசையும் பயிற்சிக் கணக்குகளின் எண்களும் மட்டுமே மாறியிருக்கும். இரண்டு பதிப்புகளின் பொருளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பாடம் நடத்தும் ஆசிரியரிடம், "ஐயா, முந்தைய பதிப்பு போதுமா?" என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இணையப் பயிற்சிக்கான குறியீட்டு எண்ணோடு வரும் புத்தகமாக இருந்தால், அந்த எண் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே செல்லும்.

நான் முதலாண்டு படித்தபோது, விடுதியைக் காலி செய்துகொண்டிருந்த ஓர் அண்ணனிடம் நுண்கணிதப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அட்டை கிடையாது. செய்தித்தாளை ஒட்டி, சணல் நூலால் தைத்திருந்தார்கள். என் அறைத்தோழன் பளபளக்கும் புதுப் புத்தகத்தை மேசையில் வைத்திருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் வரும்போதெல்லாம் என்னுடையதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். தேர்வுக்கு முந்தைய இரவு, தொகையிடல் கணக்கு ஒன்று எத்தனை முறை போட்டாலும் விடை வரவில்லை. புதுப் புத்தகம் வைத்திருந்தவனுக்கும் வரவில்லை. மணி இரண்டாகிவிட்டது. அப்போதுதான் பக்கத்தின் ஓரத்தில் மங்கிய பென்சில் எழுத்தைப் பார்த்தேன்: 'இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். எல்லைகளை மாற்றினாயா?' மாற்றவில்லை! மாற்றினேன், விடை வந்தது. இருவரும் அந்தக் கிழிந்த புத்தகத்தின் மேல் குனிந்து, விடியும்வரை ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தையும் படித்தோம். நீல மை ஒருவருடையது, சாய்ந்த கையெழுத்து இன்னொருவருடையது. கடைசிப் பக்கத்தில் நான்கு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன்.

அடுத்தது கருவிகள். மடிக்கணினி வாங்கினால் விற்பவரின் எதிரிலேயே அரை மணி நேரம் அதை இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள், ஒவ்வொரு துளையிலும் எதையாவது செருகுங்கள். லித்தியம் அயனி பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவு குறையும். இப்போது எத்தனை விழுக்காடு மிச்சம் என்பதைக் கணினியிலேயே பார்க்கலாம். அங்கேயும் அளந்துதான் போட வேண்டும். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால், ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ரசீதிலோ பெட்டியிலோ உள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கருவி பூட்டிய பெட்டிதான். தலைக்கவசத்தை மட்டும் எந்த விலைக்கும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கிவிடும், வெளியே தெரியாது. உயிர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

உடையைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார் பாட்டி; நாம் அளக்காமல் குப்பையில் போடுகிறோம். ஆண்டு இறுதியில் விடுதி வாசலைப் பாருங்கள். மேசை விளக்கு, வாளி, கணிப்பான், வரைபலகை எல்லாம் குவிந்து கிடக்கும். சில வாரங்கள் கழித்து முதலாண்டு மாணவர்கள் வந்து அதே பொருள்களைக் கடையில் வாங்குவார்கள். போகிறவரும் வருகிறவரும் சந்திக்க இடமில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல்வர் அவர்களே, ஓர் அறை கொடுங்கள். பூட்டும் சாவியும், ஒரு பதிவேடும், பொறுப்பாக இரண்டு மாணவர்களும் போதும். போகிறவர்கள் வைத்துவிட்டுப் போகட்டும். வருகிறவர்கள் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம். முடியாதவரிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. நூலகத்தை ஒட்டி அந்த அறை அமைந்தால் நூலகர் அம்மா அவர்களின் கண்காணிப்பும் கிடைக்கும். அவர்களை முதலிலேயே வணங்கியது இதற்காகத்தான்.

அந்த நுண்கணிதப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பாசத்தால் வைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாக என் அலமாரியில் சும்மா இருந்தது. ஐந்தாவது பெயருக்குக் கீழே இன்னும் இடம் காலியாக இருக்கிறது. இதோ, கொண்டுவந்திருக்கிறேன். நூலகர் அம்மா அவர்கள் மேடைக்கு வந்து இதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.